அறையும் ஒரு வாத்தியமே

ஒலிபெருக்கியின் விலை கூடினால் இசையின் தரமும் கூடும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தோம். ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் ஒரு மைக்கும் அந்த நம்பிக்கையை ஒரே மாலையில் கலைத்துவிட்டன. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறிச்செல்லும் ஒற்றைச் சீழ்க்கையை அறையில் ஒலிக்கவிட்டு, மைக்கை வந்தடைவதை அது வரைபடமாக்குகிறது.

4.3 மீட்டர் நீளமுள்ள நம் அறையில் 40 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பெரும் பள்ளம். காரணம் எளிது. அந்த அலையின் பாதி நீளம் அறையின் நீளத்துக்குச் சமம். ஆகவே சுவரோரம் முழங்கும் ஒலி, அறையின் மையத்தில் ஏறத்தாழ அடங்கிவிடுகிறது. நாம் நாற்காலி போட்டிருந்ததோ நட்டநடுவில்!

ஈக்வலைசரால் மேட்டைக் குறைக்கலாம். இத்தகைய பள்ளத்தை நிரப்ப இயலாது. 10 டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு திறனைச் செலவிட்டாலும் பள்ளம் பள்ளமாகவே நிற்கும். நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினோம். காசு செலவின்றித் தீர்ந்தது.

ஆயினும் கோடு முழுவதையும் தட்டையாக்கும் வெறியை நாம் ஏற்பதற்கில்லை. உயர் அதிர்வெண்களில் மைக் காட்டும் நுண்ணிய மேடுபள்ளங்கள், தலையை ஒரு சாண் அசைத்தாலே மாறிவிடும். அவற்றைத் திருத்தப் புகுந்தால் பாடகரின் குரல்தான் கெடும். தாழ்ந்த ஒலிகளில் வரைபடத்தை நம்புவோம். அதற்கு மேல் காதை.

சில வாரங்கள் வரைபடத்துக்காகவே பாட்டை ஓடவிட்டோம், பாட்டைக் கேட்கவேயில்லை. அந்த இழப்பை எந்த மென்பொருளும் அளந்து காட்டவில்லை.