புழுவைத் தின்னும் பூஞ்சையும் நம் ஆட்டு மந்தைகளும்

மழைக்குப் பின் புல் தழைத்து நிற்கும் காலத்தில், வயிறார மேய்ந்து வந்த ஆடு நாளுக்கு நாள் இளைத்து, கண்ணிமையின் உட்புறம் வெளுத்து, தாடையின் கீழ் நீர் கோத்து, ஒரு காலையில் பட்டியிலிருந்து எழ மாட்டாமல் கிடப்பதைக் காணாத கீதாரி நம் நாட்டில் இருக்க முடியாது. இரைப்பையில் ஆயிரக்கணக்கில் குடியேறி இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் என்னும் நூற்புழுவே பெரும்பாலும் இதற்குக் காரணம். ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடுகிறது. அவை புழுக்கையோடு வெளியேறி, ஈரத்திலும் வெதுவெதுப்பிலும் பொரித்து, இளம்புழுக்களாகிப் புல்லின்மீது ஏறி, மேயும் ஆட்டின் வாய்வழியே மறுபடியும் உட்புகுகின்றன. இதைத் தடுப்பதற்கு நாம் இதுகாறும் நம்பியிருக்கும் பிரதான சாதனம் குடற்புழு நீக்க மருந்து ஒன்றே. அந்த ஒற்றை நம்பிக்கை இனி மந்தையைக் காக்காது என்பதும், நூற்புழுவைப் பிடித்துத் தின்னும் பூஞ்சையை ஏழை ஆட்டுக்காரனின் பட்டி வரை கொண்டு சேர்க்கும் பொறுப்பை அரசாங்கமே ஏற்க வேண்டும் என்பதும் நமது திடமான அபிப்பிராயம்.

மருந்துகளின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1961-இல் தயாபெண்டசோல் வந்தபோது புழுக்களின் காலம் முடிந்தது என்று கருதியவர்கள் பலர். 1964-லேயே அம்மருந்துக்கு அடங்காத புழுக்கள் அமெரிக்காவில் தென்பட்டன. பின்னர் 1980-களில் ஐவர்மெக்டின் வந்தது; அதற்கும் அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே தென்னாப்பிரிக்காவில் எதிர்ப்பு முளைத்தது. 2009-இல் விற்பனைக்கு வந்த மோனெபாண்டெலின் கதையும் நியூசிலாந்தில் சில ஆண்டுகளுக்குள் அவ்வாறே முடிந்தது. மலேசியாவின் சபா மாநிலத்து அரசாங்கப் பண்ணைகளில் சோதித்துப் பார்த்த மருந்துகள் அனைத்துமே பயனற்றுப்போன அவலத்தை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தென்னிந்தியாவின் செம்மறிப் பண்ணைகளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளுக்குப் புழுக்கள் ஈடுகொடுப்பது ஆராய்ச்சியில் வெளிப்பட்ட விஷயம். மருந்துக்குத் தப்பிய புழுவே அடுத்த தலைமுறையை ஈனும் என்ற இயற்கை நியதி இருக்கும்வரை, புதுப் புட்டி ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருப்பது அறிவுடைமை ஆகாது.

மண்ணிலே இதற்கோர் உபாயம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பூஞ்சை உயிருள்ள நூற்புழுவை வலைவைத்துப் பிடிக்கும் ஆச்சரியத்தை ஜெர்மானிய அறிஞர் சோப்ஃப் 1888-இல் கண்டு எழுதினார். ஒருவகைப் பூஞ்சை பசையூறும் வலைகளைப் பின்னுகிறது; இன்னொரு வகை, மூன்றே செல்களாலான வளையம் ஒன்றை அமைத்து, புழு அதனுள் நுழைந்ததும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் உப்பி, வேடன் வைத்த சுருக்குக் கண்ணியைப்போல் அதை இறுக்கிவிடுகிறது. மந்தைக்கு உகந்தது இவற்றுள் டட்டிங்டோனியா ஃபிளாக்ரான்ஸ் என்பது. அதன் தடித்த தோலுடைய வித்துகள் தீவனத்தோடு உட்சென்று, அசைபோடும் பிராணியின் இரைப்பைகளையும் குடலையும் அழியாமல் கடந்து, சாணத்தோடு வெளிவந்து, அங்கே முளைத்து, அதே சாணத்தில் பொரிக்கும் இளம்புழுக்களைப் புல்லுக்கு ஏறுமுன் பிடித்து உண்கின்றன. மருந்தை வென்ற புழுவின் சந்ததிக்கும் இந்த வலையில் சலுகை கிடையாது. டென்மார்க்கிலும் ஆஸ்திரேலியாவிலும் பல்லாண்டு ஆராய்ந்தபின், 2018-இல் ஆஸ்திரேலியாவில் இது விற்பனைக்கு அனுமதி பெற்றது. நம் கிராமத்துக் கால்நடை மருந்தக அலமாரியில் இதற்கு இன்னும் இடமில்லை.

ஆட்சேபங்கள் உண்டு, அவை அற்பமானவையும் அல்ல. ஆட்டின் வயிற்றுக்குள் ஏற்கெனவே இருக்கும் புழுவை இப்பூஞ்சை தொடுவதில்லை. ஆகவே மருந்தை அறவே கைவிடுவது அபாயம். மேலும், உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 30,000 வித்துகள் வீதம், புழு பெருகும் ஈரப் பருவம் முழுவதும் நாள்தோறும் ஊட்டவேண்டும். ஊர் ஊராகக் கிடை போட்டுப் போகும் மந்தைக்கு இது எளிதன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் மாலையில் பட்டிக்குத் திரும்பித் தவிடும் தண்ணீரும் பெறும் நாலைந்து ஆடுகளுக்கு அது அசாத்தியமல்ல. மலேசியாவில் தீவனத்தில் கலந்தும், ஆடு நக்கும் கட்டிகளில் சேர்த்தும் ஊட்டிப் பார்த்திருக்கிறார்கள். தங்கள் மண்ணிலேயே வாழும் பூஞ்சை இனங்களையும் தேடியிருக்கிறார்கள். ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகளை விலையின்றி வழங்கும் திட்டத்தை 2011-இல் தொடங்கிய தமிழக அரசு, அத்தகைய சிறு பட்டிகளிலிருந்தே இப்பணியையும் தொடங்கலாம்.

பூஞ்சையைப் பயிர் வயலில் பயன்படுத்திய அனுபவம் இங்கே ஓர் எச்சரிக்கை. பெரு நாட்டில் உருளைக்கிழங்கு வேரைத் தாக்கிய நூற்புழுவின் முட்டைகளில் 1979-இல் கண்டறியப்பட்ட பர்பூரியோசிலியம் என்னும் பூஞ்சை இன்று நம் வேளாண் பல்கலைக்கழகமும் சிபாரிசு செய்யும் உயிரிக் கொல்லி. ஆயக்குடிக் கொய்யாவின் வேர்முடிச்சு நோய்க்கும், போரேட் என்னும் பூச்சிக்கொல்லிக் குருணை தடையான பிறகு மாற்று தேடும் விவசாயிக்கும் அது வேண்டியதே. ஆயினும் வெயிலில் கிடந்து உயிர்போன வித்துகளை ஒரு பொட்டலம் சுமந்து வந்தால், அதை வாங்கி ஏமாந்த விவசாயி வியாபாரியையன்றிப் பூஞ்சையையே வெறுப்பான். மேலும் அந்த இனத்திலேயே சில வகைகள் நோயெதிர்ப்பு குன்றியவரின் உடலிலும், காயம்பட்ட கண்ணிலும் தொற்றக்கூடும். எந்த வகையை வளர்ப்பது, எத்தனை வித்து உயிரோடிருக்கிறது என்பவற்றைச் சோதிப்பது வியாபாரத்தின் மனச்சாட்சிக்கு மட்டும் விட்டுவிடத்தக்க காரியமன்று.

ஆகையால், கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நம் மேய்ச்சல் நிலங்களின் புழுக்கையிலிருந்தே இப்பூஞ்சையின் உள்நாட்டு வகைகளைத் திரட்டி, மேச்சேரி, இராமநாதபுரம் வெள்ளை முதலிய ஆட்டினங்களில் குறைந்தது இரண்டு மழைக்காலங்கள் சோதிக்கட்டும். பலன் நிரூபணமானதும், தீவனக் கட்டிகளை அரசாங்கமே தயாரித்து, ஒவ்வொரு தொகுதியையும் பரிசோதித்து, அடக்க விலைக்குக் கால்நடை மருந்தகங்களில் வழங்கட்டும். அதுவரை, கண்ணிமை வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்தூட்டும் பழக்கத்தை மருத்துவர்கள் ஊர்தோறும் கற்பிக்க வேண்டும். இவற்றுக்கான தொகையை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே ஒதுக்குமாறு அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.