பொருள் விளங்காப் பொருள்விளக்கம்

ஆங்கிலச் சொல்வளம் பெருக்குதல் என்னும் பெயரால் நம் பிள்ளைகள்மேல் ஒரு புதுநோன்பு சுமத்தப்பட்டுள்ளது. நாளொன்றுக்குப் பத்துச் சொல். ஒவ்வொன்றுக்கும் 'எளிய ஆங்கிலத்தில்' ஒருவரி விளக்கம். மறுநாட் காலை ஒப்பித்தல். தமிழிற் பொருள் சொன்னால் ஆங்கிலம் கெட்டுவிடுமாம்! எவர் கண்ட இலக்கணமோ இது?

எளிய சொல்லால் அருஞ்சொல்லை விளக்கும் முறையை நாம் பழிக்கவில்லை. தாக்காவில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியிற் பணியாற்றிய மைக்கேல் வெசுட்டு என்னும் ஆங்கிலர், எண்டிகாட்டு என்பாருடன் சேர்ந்து 1935-இல் வெளியிட்ட அகரமுதலியில், 1,490 சொற்களைக் கொண்டே ஏறத்தாழ 24,000 சொற்கும் தொடர்கட்கும் பொருள் கூறினார். 1978-இல் லாங்மன் பதிப்பகத்தாரும் ஏறத்தாழ 2,000 சொற்களுள் நின்று அவ்வாறே செய்தனர். தம் மொழியை அயலார் எளிதிற் கற்க அவர்கள் பட்ட பாடு பாராட்டத் தக்கதே. ஆயினும், விளக்கும் சொல் கற்பவனுக்கு முன்னரே தெரிந்திருத்தல் வேண்டும் என்பதன்றோ அம்முறையின் அடிப்படை? அந்த 1,490 சொல்லும் நம் சிற்றூர்ப் பள்ளியின் ஐந்தாம் வகுப்புச் சிறுவனிடம் உளவா? அவனிடம் உள்ளது தாய்மொழி ஒன்றே. அதனைப் பறித்துக்கொண்டு, தெரியாததைத் தெரியாததால் விளக்குகின்றனர்.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் 'போட்டோசிந்தெசிசு' என்பதன் ஆங்கில விளக்கத்தை ஒரு சொல்லும் பிறழாமல் நம்மிடம் ஒப்பித்தான். எது எதனோடு சேர்கிறது என்று கேட்டோம்; விழித்தான். (அச்சொல் ஆங்கிலர்க்கே கிரேக்கக் கடன் என்பதை அவனுக்கு யார் சொல்வார்?) 'ஒளிச்சேர்க்கை' என்றதும், "அப்படியானால் இருட்டில் இலை உணவு ஆக்காதா, ஐயா?" என்றான். ஒப்பித்தவன் வினவத் தொடங்கினான்!

தமிழிற் பொருள் எழுதுவோர் சிலர் செய்யும் கேடோ இதனினும் பெரிது. 'கிளைமேட்டு' என்பதற்குச் 'சீதோசுண நிலை' என்று எழுதிய கையடக்க அகரமுதலிகளை மாணவர் கையிற் கண்டிருக்கிறோம். சீதம் தட்பம், உசுணம் வெப்பம். தட்பவெப்ப நிலை என்று எழுதினால் மை கூடுதலாகச் செலவாகுமா? ஓர் அயற்சொல்லுக்கு இன்னோர் அயற்சொல்லைப் பொருளாக்கி, ஒரு பூட்டுக்கு மேல் மறுபூட்டுப் போடும் இவர்கள் பொருள் கூறுபவரா, மறைப்பவரா?

வெசுட்டு செய்த பணியை நம் பிள்ளைகட்கு நாமே செய்தல் வேண்டும். தமிழ்ச் சிறுவர் நாவில் அன்றாடம் வழங்கும் தூய சொற்கள் ஓராயிரத்தை முதலில் தொகுத்தல் வேண்டும். அவற்றின் எல்லைக்குள் நின்றே ஆங்கிலச் சொற்கட்குப் பொருள் வரைதல் வேண்டும். இதற்கு அரசாணை எதற்கு? தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரு கோடை விடுமுறையில் ஒன்றாய் அமர்ந்தால், ஆறாம் வகுப்பு நூலிலுள்ள சொற்களையேனும் முடித்துவிடலாம்.