வெளியே உட்காருங்க!

பைக் ரிப்பேர் என்றால் மெக்கானிக் ஷெட்டில் விட்டுவிட்டு, 'சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்' என்று டீ குடிக்கக் கிளம்பிவிடுவோம். பயந்துபோன குழந்தையையும் இப்படித்தான் கவுன்சலரிடம் விடுகிறோம். விபத்தில் தப்பிய குழந்தை, யாரோ ஒரு படுபாவியின் கை பட்ட குழந்தை... யாரானாலும் பெரும்பாலும் ஒரே ஏற்பாடுதான். குழந்தை உள்ளே. அப்பா அம்மா வெளியே பெஞ்சில், செல்போனோடு.

'வெளியே உட்காருங்க' என்பவருக்கும் வசதி, உட்காருபவருக்கும் வசதி. நஷ்டம் குழந்தைக்கு.

நான் காமர்ஸ் படித்தவன். எதையும் கணக்குப் போட்டுத்தான் பார்க்கத் தெரியும். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் கவுன்சலரோடு ஒரு மணி நேரம். மிச்சம் 167? நடு ராத்திரியில் குழந்தை அலறிக்கொண்டு எழுந்தால் பக்கத்தில் படுத்திருப்பது கவுன்சலரா, நீங்களா?

இது ஒன்றும் புதிய விஷயமில்லை. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது, குழந்தைகளுக்குக் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்காமும் அப்போதே எழுதிவைத்தார்கள்: குண்டுச் சத்தத்தைவிட, அம்மாவைப் பிரிந்ததுதான் பிள்ளைகளை அதிகம் உலுக்கியது.

1996-ல் அமெரிக்காவில் எஸ்தர் டெப்லிங்கரின் குழு, பாலியல் கொடுமைக்கு ஆளான 100 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. குழந்தைக்கு நேரடியாகச் சிகிச்சை தந்தபோது, அந்தச் சம்பவம் விட்டுப்போன பயமும் தொந்தரவும் குறைந்தன. அம்மாவையும் சேர்த்தபோது குழந்தையின் மனச்சோர்வும் முரட்டுத்தனமும் குறைந்தன. ஆக, இரண்டும் வேண்டும்.

டெப்லிங்கரும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய சிகிச்சை முறையில், ஏறக்குறைய பாதி நேரம் பெற்றோருக்குத்தான். குழந்தை தனக்கு நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறது. அதை நிபுணர் முதலில் பெற்றோரிடம் மட்டும் பகிர்ந்துகொள்கிறார். அழ வேண்டியதை அவர்கள் அங்கேயே அழுது தீர்க்கலாம். பிறகு ஒருநாள் குழந்தையே வாசிக்கிறது. அம்மா உடைந்துபோகாமல் கேட்கிறாள். 'அம்மா தாங்குவா, அவகிட்ட சொல்லலாம்' என்ற தைரியம் எந்த மருந்துக் கடையிலும் கிடைக்காது.

நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? 'அதையெல்லாம் மறந்துடு கண்ணு.' 'வெளியே சொல்லாதே, மானம் போயிடும்.' குழந்தைக்குப் புரிவது ஒன்றுதான்: தப்பு என் மேல்தான் போலிருக்கு!

பெற்றோரை மட்டும் திட்டவும் மனசு வரவில்லை. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். டிசம்பரில் சுனாமி. ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, தப்பித்த இன்னொரு பிள்ளையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு யார் ஆறுதல்? தானே மூழ்கிக்கொண்டிருப்பவர் இன்னொருவரை எப்படித் தூக்குவார்? அவரையும் உள்ளே கூப்பிட வேண்டாமா?

'கொடுமை செய்ததே அப்பன் என்றால்?' என்று கேட்பீர்கள். அவன் அறைக்கு மட்டுமல்ல, வீட்டுக்கே வெளியே இருக்க வேண்டியவன். அம்மாவோ, பாட்டியோ, சித்தியோ, குழந்தை நம்பும் ஒரு பெரியவர் உள்ளே வரட்டும். குழந்தை தனியாகப் பேசவும் நேரம் வேண்டும்தான். அதற்காகப் பெற்றோருக்கு நேரமே இல்லை என்பது என்ன நியாயம்?

மருத்துவமனைகளுக்கு ஒரு வார்த்தை. கூலி வேலைக்குப் போகும் அப்பாவைப் பகல் 11 மணிக்கு வரச் சொன்னால் அன்றைய சம்பளம் போச்சு. சாயங்காலத்தில் நேரம் ஒதுக்குங்கள்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை 'வெளியே உட்காருங்க' என்றால் உட்காருங்கள். ஆனால், உட்காருவதற்கு முன்னால் கேளுங்கள்: 'எங்களை எப்ப சார் உள்ளே கூப்பிடுவீங்க?'