துணை மானியம் வரும்வரை



பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலை வழியே கிரிவலம் வரும் கூட்டத்தைக் கண்டிருப்பீர்கள். மறுநாள் விடிந்ததும் அதே வீதியில் கூலிவேலைக்குப் புறப்படும் தாயைக் கண்டதுண்டா? இடுப்பிலுள்ள பிள்ளையை அங்கன்வாடியில் இறக்கிவிட்டால்தான் அவளுக்கு அன்றைய கூலி. கதவு பூட்டியிருந்தால் பட்டினி இருவருக்கும்! அந்தக் கதவின் சாவியோ டில்லிக் கஜானாவிலும் தொங்குகிறது.

1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு, 2014-15 வரவுசெலவுத் திட்டத்தில் 18,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கிய டில்லி, மறு ஆண்டு 8,000 கோடிச் சொச்சத்தோடு கையை விரித்தது. கேட்டால், மாநிலங்களின் வரிப்பங்கை 32 விழுக்காட்டிலிருந்து 42 ஆக்கிவிட்டோமே என்றது. ஆக்கினார்கள், மறுக்கவில்லை. அந்தப் பங்கினுள் தமிழகத்தின் கூறு 4.969 விழுக்காட்டிலிருந்து 4.023 ஆகச் சுருங்கியதே, அதைச் சொன்னார்களா? துறை அமைச்சர் மேனகா காந்தியே வெளிப்படையாகக் குறைகூறிய வெட்டு அது!

பிறகு துணை மானியம் வந்தது; வெட்டியதில் பெரும்பகுதி திரும்பியது என்பதும் மெய்யே. கணக்கேடு ஒருவாறு நேராகியிருக்கும். மூன்று வயதுப் பிள்ளையிடம், துணை மானியம் வரும்வரை பசிக்காதிரு, வளராதிரு என்று போய்ச் சொல்வது யார்? நிதியமைச்சரா, அந்தத் தாயா?