அத்தை வீட்டுக் கொல்லைச் சுவர்

ஆழ்வார்திருநகரியில் என் அத்தை வீட்டுக் கொல்லைச் சுவரில் ஓரிடத்தில் காரை பெயர்ந்துவிட்டது. போன வாரம் அங்கே துணி உலர்த்தப் போனவள், உள்ளே தெரிந்த கல்லைப் பார்த்து நின்றுவிட்டேன். கல் முழுவதும் தேன்கூடு மாதிரி துளைகள்!

"கடல்கல்லடி அது. என் மாமனார் தூத்துக்குடியிலிருந்து வண்டி கட்டிக் கொண்டுவந்தது" என்றாள் அத்தை.

"அத்தை, அது பவளம்!"

"பவளமா? அப்படியானால் பெயர்த்தெடுத்து மாலை கோத்துவிடலாமே!"

கழுத்தில் போடுகிற சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடல் சரக்கு. நம் மன்னார் வளைகுடாவில் வளர்வது வேறு ஜாதி. சின்னஞ்சிறு பிராணிகள் கூட்டங்கூட்டமாய்ச் சேர்ந்து சுண்ணாம்பால் வீடு கட்டிக்கொள்கின்றன. அதன்மேல் அவற்றின் சந்ததி கட்டுகிறது. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை இருந்த 21 தீவுகளுக்கும் இந்தப் பாறைகள்தாம் அலைதடுக்கும் மதில். அந்த மதிலைத்தான் வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் வள்ளம் வள்ளமாய் ஏற்றி வந்தோம். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயே போய்விட்டன. 2001-ல் பவளத்தைச் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். ஆனாலும் 2004 சுனாமியைக் கண்ட பிறகுதான் கல்லெடுப்பது அடங்கிற்று.

பிறகாவது பவளம் நிம்மதியாக இருந்ததா? அதன் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று குடியிருக்கிறது. வெயிலில் சமைத்துப் போடுவதும் அதுவே, நிறம் கொடுப்பதும் அதுவே. கடல் அளவுக்கு மேல் சுட்டால், பவளம் அந்தச் சமையற்காரியை வெளியே அனுப்பிவிடுகிறது! அப்புறம் வெளுத்துப் போய்ப் பட்டினி கிடக்கிறது. சில வாரங்களில் தண்ணீர் குளிர்ந்தால் சமையற்காரி திரும்புவாள், இல்லாவிட்டால் சாவுதான். 2010-லும் 2016-லும் கோடையில் இப்படி ஏராளமாக வெளுத்தது.

பட்டினி கிடப்பவள் வாசலில் சாக்கடையையும் திறந்துவிட்டால்? தூத்துக்குடியின் கழிவுநீர் பல காலமாய்ப் பக்கிள் ஓடை வழியே கடலுக்குப் போயிருக்கிறது. அந்தச் சத்தில் கடற்பாசி கொழுத்துப் பவளத்தை மூடும். கலங்கல் வெளிச்சத்தை மறைக்கும். ஆழ்வார்திருநகரிக்காரர்கள் நழுவ முடியாது. நாம் தாமிரபரணியில் விடுவதும் புன்னைக்காயலில் அதே வளைகுடாவில்தான் விழுகிறது.

அத்தை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கல்லைத் திரும்பக் கடலில் போட்டால் ஆகாதா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1986-ல் 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு, 2014-க்குள் 2 ஹெக்டேராய்த் தேய்ந்தது. அதைக் காப்பாற்ற 2015 முதல் கான்கிரீட் கூடுகளை ஆயிரக்கணக்கில் வார்த்துக் கடலில் இறக்கினார்கள். அவற்றின்மேல் பவளக் குஞ்சுகள் ஒட்டியிருக்கின்றன.

மறுநாள் கொத்தனார் வந்தார். ஒரு சாண் இடம் மட்டும் பூசாமல் விடச் சொன்னாள் அத்தை. பேரப்பிள்ளைகள் வந்தால் காட்ட வேண்டுமாம்.