சித்தன்னவாசலில் ஓர் ஆசிரியர்

புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974இல். அதன் குன்றுகளிலுள்ள எழுத்தோ ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையது. சுற்றுலாக் கையேடுகள் சித்தன்னவாசலைத் தாமரைக்குளம், நடனமங்கை என்று இரண்டு ஓவியங்களோடு முடித்துவிடுகின்றன.

அறிவர் கோயில் என்னும் அச்சமணக் குடைவரையின் ஓவியங்கள் பல்லவன் மகேந்திரவர்மன் காலத்தவை என்னும் பழங்கருத்தை இன்றும் ஒப்பிப்பவர் உண்டு. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டைப் படித்தவர் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட மாட்டார். 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் ஆட்சியில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுக்கி முகமண்டபம் எடுப்பித்தார் என்கிறது அது. இன்று காணும் ஓவியங்களுள் பெரும்பகுதியை அத்திருப்பணியோடு சேர்த்தே ஆய்வாளர் பலரும் கருதுகின்றனர். ஆயினும் ஓர் அரசன் பெயர் கிடைத்துவிட்டால் நமக்கு ஆசிரியன் பெயர் வேண்டியதில்லை. (தமிழ்த்துறைகளும் இதற்கு விலக்கல்ல.)

குன்றின் கீழ்ப்புறத்தில் ஏழடிப்பட்டம். வழவழப்பான கற்படுக்கைகள்; அவற்றுள் ஒன்றில் கி.மு. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தமிழ்ப் பிராமி எழுத்து. எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்குச் செய்தளித்த இருக்கை என்பது அதன் செய்தி. எருமைநாடு இன்றைய மைசூர்ப் பகுதி. எங்கிருந்தோ வந்த துறவி, கல்லை இழைத்துக் கொடுத்த இளையர். வேந்தன் எவன் பெயரும் அதில் இல்லை.

வருவோருள் பலர் ஓவியம் கண்டதும் திரும்பிவிடுகின்றனர். வெயில் ஏறுமுன் முதலில் ஏழடிப்பட்டத்திற்கு ஏறுங்கள். அறிவர் கோயிலைப் பிறகு பார்க்கலாம்.