சொரியாசிஸ்: கற்றாளை உதவும், ஒதுக்கிவைத்தல் உதவாது

செதிள் படிந்த சிவந்த தடிப்பு உடம்பிலே தெரிந்துவிட்டால் போதும், பக்கத்தில் இருப்பவர் பாயை இழுத்துக்கொண்டு தள்ளி உட்காருகிறார். கிணற்றடியில் வாளி வேறாகிறது. கலியாணப் பேச்சு தடைப்படுகிறது. இது தொழுநோயாக இருக்குமோ என்ற பயமே இதற்குக் காரணம். எமது வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளரைப் பிரித்து வைத்திருந்த காலத்தின் அச்சம் இன்னும் எம்மை விட்டுப் போகவில்லை.

சித்த வைத்தியர் காளாஞ்சகப்படை எனச் சொல்லும் சொரியாசிஸ் தொற்றுநோய் அல்ல. வழக்கமாக ஏறத்தாழ ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்படும் மேற்தோல், உடலின் நோயெதிர்ப்புச் சக்தி நெறிதவறுவதால் சில நாட்களிலேயே வளர்ந்து செதிளாகக் குவிகிறது. தொட்டாலோ, ஒரே கோப்பையில் தேநீர் குடித்தாலோ, ஒரே பாயில் படுத்தாலோ அது பரவாது. இந்நோயாளருக்கு நேரும் ஒதுக்கலை நீக்கப் பாடுபடுமாறு 2014இல் உலக சுகாதார சபையே தீர்மானம் நிறைவேற்றியது.

என்ன நோய் என்பதை முதலில் வைத்தியரே சொல்ல வேண்டும். தொழுநோய்த் தேமலில் பெரும்பாலும் உணர்ச்சி குறைந்திருக்கும். அதுவாக இருந்தாலும் அஞ்ச வேண்டியதில்லை. அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம், காலத்தோடு தொடங்கினால் ஊனமின்றிக் குணமாகும்.

இனி, வேலியோரத்துக் கற்றாளைக்கு வருவோம். 1996இல் வெளியான ஓர் ஆய்வில், 60 நோயாளருள் கற்றாளைச் சாறு சேர்ந்த களிம்பு பூசியவர்களில் பெரும்பாலோர் நலமடைந்தனர். 2005இல் வெளியான டென்மார்க் ஆய்விலோ, கடையில் விற்கும் கற்றாளைக் கூழ் வெறும் பூச்சைவிட மேலானதாக இருக்கவில்லை. ஆகவே கற்றாளை இந்நோயை வேரறுக்கும் என்று யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள். வறட்சியையும் அரிப்பையும் தணிக்கும் துணையாக மட்டும் அதைக் கொள்வோம். மடலை வெட்டி, வடியும் மஞ்சள் பாலைக் கழுவிவிட்டு, உள்ளிருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒருநாள் பாருங்கள். எரிந்தால் விட்டுவிடுங்கள். வெடித்து இரத்தம் கசியும் இடத்தில் பூச வேண்டாம்.

வைத்தியர் தந்த மருந்தை இதற்காக நிறுத்தவும் கூடாது. ஸ்டெரொய்ட் குளிசையைத் தாமாக வாங்கி விழுங்கிவிட்டுத் திடீரென நிறுத்தினால் நோய் கடுமையாகத் திரும்பலாம். மூட்டுகள் வீங்கி நொந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். இந்நோய் மூட்டுகளையும் தாக்கும்.

அன்றாட வாழ்விலும் செய்யக்கூடியவை உண்டு. புகைத்தலும் கசிப்பும் நோயை மோசமாக்கும். குளித்தவுடன் ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெய் பூசலாம். காலை இளவெயில் பலருக்கு நல்லது. உச்சி வெயிலில் தோல் வெந்தால் கெடுதல். சொறிந்த இடத்திலும் முள் கீறிய இடத்திலும் புதிய தடிப்பு எழும்பும் என்பதால், வயலில் கைகால்களை மூடிக்கொண்டு வேலை செய்வது நன்று.

மனக்கவலையும் இந்நோயைக் கிளப்பும். 1990இலும் 2007இலும் வயலையும் மாட்டையும் விட்டுவந்த குடும்பங்களிடம், கவலைப்படாதீர்கள் என்று சொல்ல எமக்கு வாய் வராது. நிலத்தை இழந்த துயரம் ஒரு களிம்பில் ஆறுவதல்ல. ஆனால் அந்தத் துயரத்தின் மேல் அயலவர் ஏற்றும் சுமையை அயலவரே இறக்கிவைக்கலாம். ஒதுக்கிவைப்பவர் நோயிலிருந்து தம்மைக் காத்துக்கொள்வதில்லை. அடுத்தவரின் நோயை வளர்க்கிறார்.

விவிலியம் தொழுநோய் என அழைப்பது பலவகைத் தோல்நோய்களுக்குப் பொதுப்பெயர் என்பர் அறிஞர். அத்தகைய ஒருவரை இயேசு எட்ட நின்று குணமாக்கவில்லை, கைநீட்டித் தொட்டார். மாதர் சங்கக் கூட்டங்களிலும், கோயில் வீதியிலும், பள்ளிக்கூடத்திலும் இந்நோய் தொற்றாது என்பதை எடுத்துச் சொல்வோம். கிணற்றடியில் வேறாக வைத்த வாளியை எடுத்து மற்ற வாளிகளோடு வைப்போம். அதற்குக் காசும் வேண்டாம், வைத்தியரும் வேண்டாம்.